பாக்கோவில் ஓர் இரவு: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

மூக்கன் குரங்கைக் காட்டிலேயே பார்க்க வேண்டும், மழைக்காட்டுக்குள் நடக்க வேண்டும், கடற்கரையிலும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், ஆனால் நீண்ட விடுப்பு எடுக்க முடியாது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஓர் இடம்தான். போர்னியோ தீவில், சரவாக் மாநிலத் தலைநகர் கூச்சிங்கை அடுத்திருக்கும் பாக்கோ தேசியப் பூங்கா. சரவாக் மலேசியாவோடு சேர்வதற்கு முன்பே, 1957இல் அறிவிக்கப்பட்டது. அந்த மாநிலத்தின் முதல் தேசியப் பூங்கா இதுதான். பரப்பளவு சுமார் 27 சதுர கிலோமீட்டர். தேசியப் பூங்கா என்ற கணக்கில் மிகச் சிறியது. அந்தச் சின்ன முனைக்குள்ளேயே அலையாத்திக் காடு, செங்குத்துப் பாறை, சதுப்புக் காடு, ஓங்கி வளர்ந்த மழைக்காடு, வெள்ளை மணலில் குட்டை மரங்கள் நிற்கும் கெராங்காஸ் காடு எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு மணி நேரம் நடந்தால் நான்கு வகைக் காட்டைத் தாண்டிவிடலாம்.

பெரும்பாலானவர்கள் இங்கே காலையில் வந்து பிற்பகலில் திரும்புகிறார்கள். அதுதான் தவறு என்பேன். பத்து மணிக்குப் படகிலிருந்து இறங்கினால் வெயில் ஏறிவிட்டிருக்கும். குரங்குகள் நிழலில் ஒதுங்கிக் கிடக்கும். ஒரு பாதையில் அவசரமாக நடந்து திரும்புவதற்குள் படகுக்காரர் அழைத்துவிடுவார். கேன்டீன் வாசலில் ஒரு பன்றி, ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஒரு குரங்கு, இவ்வளவுதான் நினைவில் மிஞ்சும். விலங்குகள் வெளியே வருவது விடிகாலையிலும் மாலை நான்கு மணிக்கு மேலும்தான். அந்த இரண்டு வேளையும் பூங்காவுக்குள் இருக்க வேண்டுமானால் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் அந்த ஓர் இரவை வைத்துத்தான்.

முதல் படி: தேதியைக் குறிக்கும் முன் கடலைப் பாருங்கள்

கூச்சிங் வட்டாரத்தில் ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. மழையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். அப்போது கடல் கொந்தளிக்கும், படகுகள் சில நாள் ஓடாமலே போகும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. அந்த மாதங்களிலும் பிற்பகல் மழை வரும், ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்காகப் பயணத்தை மாற்ற வேண்டாம்.

மாதத்தைவிட முக்கியமானது கடலின் ஏற்றவற்றம். சரவாக்கின் இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இன்னும் அதிகம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகு பூங்காவின் படகுத்துறையை நெருங்க முடியாது. கரைக்கு எட்டத்திலேயே இறக்கிவிடுவார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வர வேண்டும். இளைஞர்களுக்கு அது விளையாட்டு. வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு அப்படி இல்லை.

ஆகவே கூச்சிங் அல்லது முவாரா தெபாஸ் பகுதிக்கான ஏற்றவற்ற அட்டவணையை இணையத்தில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேட வேண்டிய நாள் எது தெரியுமா? காலை ஒன்பது, பத்து மணிக்கு ஓரளவு ஏற்றம் இருந்து, பிற்பகல் நான்கு மணி வாக்கில் வற்றியிருக்கும் நாள். அப்படி அமைந்தால் படகு நேரே துறைக்கு வரும். குரங்குகள் வெளியே வரும் மாலையில் அலையாத்திக் காட்டின் விளிம்பு வரை நடந்தே போகலாம். ஏற்ற நேரமும் வற்ற நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு நாள் சரியில்லை என்றால் மூன்று நான்கு நாள் முன்பின் பார்த்தால் போதும்.

இரண்டாம் படி: அறை, ஆவணம், பணம்

பூங்காவை நிர்வகிப்பது சரவாக் வனத்துறைக் கழகம். தங்குமிடம் எல்லாம் அவர்களுடையதுதான். தனியார் ரிசார்ட் உள்ளே கிடையாது, நல்ல காலம். சரவாக் அரசின் இணையப் பதிவுத் தளத்தில் அறை எடுக்க வேண்டும். சனி ஞாயிறும் மலேசியப் பள்ளி விடுமுறையும் முதலில் தீர்ந்துவிடும். வார நாளாகப் பார்த்து எடுங்கள். எளிய மர வீடுகள், பொது விடுதி, கூடாரம் அடிக்க இடம் என்று இருக்கும். மின்விசிறி, கொசுவலை, குளிக்கக் குளிர்ந்த தண்ணீர். ஹோட்டலை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் மின்னணு வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். இது காலவரம்புள்ள சலுகை. டிக்கெட் எடுக்கும் முன் நடப்பு நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் கூச்சிங் போனாலும் அங்கே மறுபடி குடிநுழைவுச் சோதனை உண்டு, ஏனென்றால் சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் இருக்கிறது. கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள். தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் மலேசியர்கள் மைகார்டை, அதாவது தங்கள் அடையாள அட்டையை, மறக்கக் கூடாது.

பூங்காவுக்குள் ஏடிஎம் கிடையாது. கார்டும் க்யூஆர் கோடும் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம், அங்கே சிக்னல் போய்ப் போய் வரும். நுழைவுக் கட்டணம், படகு, சாப்பாடு, இரவு நடை எல்லாவற்றுக்கும் சேர்த்து அறை வாடகை நீங்கலாக ஆளுக்கு 200 ரிங்கிட் நோட்டாக, அதுவும் சில்லறையாக, வைத்திருந்தால் கவலையில்லை.

மூன்றாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய பெட்டியைக் கூச்சிங் விடுதியிலேயே விட்டுவிடுங்கள். ஒரு முதுகுப்பை போதும். இரண்டு செட் துணி, மாலையில் கொசுவுக்காக முழுக்கைச் சட்டை, மழை அங்கி, டார்ச், தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கொசு விரட்டி. கடற்கரையில் கொசுவைவிடத் தொல்லை கொடுப்பது மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். கணுக்காலுக்கும் பாதத்துக்கும் மருந்து பூச மறக்காதீர்கள். இருகண் நோக்கி இருந்தால் கண்டிப்பாக எடுத்து வாருங்கள். கேமராவைவிட அதற்குத்தான் இங்கே அதிக வேலை.

காலணி விஷயத்தில் ஒரு யோசனை. உள்ளூர்க்காரர்கள் காட்டுக்குப் போடுவது விலை உயர்ந்த மலையேற்றக் காலணி இல்லை. அடியில் குமிழ் குமிழாக இருக்கும் கறுப்பு ரப்பர்க் காலணி. அதற்கு அங்கே 'அடிடாஸ் கம்போங்', அதாவது கிராமத்து அடிடாஸ், என்று பட்டப்பெயர். கூச்சிங்கில் இரும்புச் சாமான் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கும். ஈரமான வேரிலும் பாறையிலும் வழுக்காது, கடல் தண்ணீரில் இறங்கினாலும் கெடாது. ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

தின்பண்டம் எடுத்துப் போகலாம், ஆனால் மூடி இறுகிய டப்பாவில். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பன்றி இறைச்சிப் பொருள் எதுவும் கொண்டுபோக வேண்டாம். 2021இல் சபாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போர்னியோ முழுவதும் தாடிப் பன்றிகளைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறது. மனிதருக்கு அது ஒட்டாது என்றாலும், வீசி எறியும் ஒரு சாசேஜ் துண்டிலிருந்து பன்றிக்குத் தொற்றலாம்.

நான்காம் படி: கூச்சிங்கிலிருந்து படகுத்துறைக்கு

முந்தின இரவு கூச்சிங்கில் தங்குங்கள். காலை ஏழரைக்குள் கிளம்பினால் எட்டரை வாக்கில் பாக்கோ கிராமத்துப் படகு முனையத்தில் இருப்பீர்கள். கிராப் செயலியில் வாடகைக் கார் பிடிப்பது எளிது. நகரப் பேருந்தும் உண்டு. எண்ணும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் விடுதியில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்தில் போனால் செலவு மிகக் குறைவு.

முனையத்தில் பெயரைப் பதிந்து நுழைவுச் சீட்டும் படகுச் சீட்டும் வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், மலேசியருக்கு அதைவிடக் குறைவு. சிறிய இயந்திரப் படகு, ஐந்தாறு பேர் ஏறலாம். ஏறும்போதே படகுக்காரரிடம் மறுநாள் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று பேசி வைத்துவிடுங்கள். அவர் ஒரு நேரம் சொல்வார். நீங்கள் நினைத்ததைவிட முன்னதாக இருந்தாலும் வாதாட வேண்டாம், அவர் சொல்வது தண்ணீரின் கணக்கு.

உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். மீனவர் வீடுகளையும் கட்டிய வலைகளையும் தாண்டி ஆற்று முகத்துவாரம் வந்ததும் படகு கடல் அலையில் துள்ள ஆரம்பிக்கும், தண்ணீர் முகத்தில் தெறிக்கும். கேமராவும் போனும் தண்ணீர் புகாத பைக்குள் இருக்கட்டும். இடது பக்கம் கடலுக்கு அப்பால் தனியாக நிமிர்ந்து நிற்பது சாந்துபோங் மலை, 810 மீட்டர். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1855இல் அதன் அடிவாரத்தில் தங்கியிருந்தபோதுதான் புதிய உயிரினங்கள் தோன்றுவதைப் பற்றிய தன் முக்கியமான கட்டுரையை எழுதினார். மாலையில் சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும், அப்போது நீங்கள் கடற்கரையில் இருங்கள்.

ஐந்தாம் படி: இறங்கியதும்

படகு இறக்கிவிடும் இடம் தெலுக் அசாம். பூங்கா அலுவலகம், கேன்டீன், தங்கும் வீடுகள் எல்லாம் இந்த ஒரே வளைகுடாவை ஒட்டித்தான். அலுவலகத்தில் பெயர் பதிந்து, பாதை வரைபடம் ஒன்று கேட்டு வாங்கி, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று விசாரியுங்கள். மரம் விழுந்தோ பலகை உடைந்தோ ஏதாவது ஒன்று மூடியிருப்பது வழக்கம்.

அறை கிடைக்க மதியம் ஆகலாம். அதுவரை அலுவலகத்தைச் சுற்றியே மெதுவாக நடந்து பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு நேரே காட்டுக்குள் ஓடுகிறார்கள். பூங்காவின் பாதி விலங்குகளை இந்த முற்றத்திலேயே பார்த்துவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. முகத்தில் வெளிறிய தாடி மயிரோடு தாடிப் பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். பழகியதுபோல் தெரிந்தாலும் அது காட்டுப் பன்றிதான், குட்டிகளோடு இருக்கும் தாய்ப் பன்றியிடமிருந்து விலகி நில்லுங்கள். மரத்தில் சாம்பல் நிற மந்திகள் இருக்கும். அவற்றின் மடியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குட்டி இருந்தால் பார்க்க மறக்காதீர்கள், பிறந்து சில மாதங்களில் அந்த நிறம் போய்விடும்.

அலுவலக ஊழியர்களிடம் "விரியன் இன்றைக்கு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். பச்சை நிறக் குழிவிரியன் ஒன்று வீடுகளுக்கு அருகிலுள்ள செடியிலோ மரக்கிளையிலோ நாள்கணக்கில் அசையாமல் சுருண்டிருக்கும். காட்டித் தருவார்கள். நஞ்சுள்ள பாம்பு, ஆனால் துரத்தி வருகிற இனம் அல்ல. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் ஆபத்தில்லை. இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: பாக்கோவில் கைப்பிடிச் சட்டத்தையோ கிளையையோ பார்க்காமல் பிடிக்கக் கூடாது.

இப்போது அந்தப் பிளாஸ்டிக் பை விஷயம். நீள்வால் குரங்குகள் இங்கே கூட்டமாகத் திரிகின்றன. அவற்றுக்கு பை என்றால் சாப்பாடு. கேன்டீன் மேசையில் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனால் தட்டு காலி. அறை ஜன்னலைத் திறந்து வைத்தால் உள்ளே வந்து பையைத் திறக்கும். வராந்தாவில் காயப்போட்ட துணியையும் எடுத்துப் போகும். கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், பிடித்ததைத் திரும்ப இழுக்காதீர்கள். போன பிஸ்கட் போகட்டும். சரவாக்கில் 2017இலிருந்து ரேபிஸ் நோய் இருக்கிறது, பெரும்பாலும் நாய் பூனைகளில். குரங்கோ நாயோ கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே கூச்சிங் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடிய விஷயமல்ல.

ஆறாம் படி: எந்தப் பாதை, எந்த நேரத்தில்

பாதைகளுக்கு வண்ணக் குறி உண்டு. மரத்திலும் பாறையிலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். கிளம்பும் முன் அலுவலகப் பதிவேட்டில் பெயர், பாதை, நேரம் எழுத வேண்டும், திரும்பியதும் மறக்காமல் கையெழுத்திட வேண்டும். நீங்கள் எழுதாமல் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டால் உங்களைத் தேடி ஊழியர்கள் இருட்டில் காட்டுக்குள் போக நேரும்.

முதல் நாள் மதியத்துக்கு முன் பெரிய நடை வேண்டாம். சாப்பிட்டு ஓய்வெடுத்து, மூன்றரை மணிக்கு தெலுக் பாக்கு அல்லது தெலுக் டெலிமா பாதையில் கிளம்புங்கள். இரண்டுமே ஒரு கிலோமீட்டர் அளவுதான், ஆனால் வேரும் பாறையும் மரப்படியும் கலந்த பாதை என்பதால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும். மூக்கன் குரங்குக்கு இந்த இரண்டும்தான். ஆறரை மணி வாக்கில் சூரியன் மறையும், நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் சட்டென்று இருட்டிவிடும். ஆறு மணிக்குள் திரும்பிவிடுங்கள், டார்ச் பையிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் நாள் விடிந்ததும் தெலுக் பண்டான் கெச்சில் போங்கள். ஒரு பாதைதான் நடக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். போக இரண்டரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். முதலில் நல்ல ஏற்றம், நிழலான காடு. மேலே மேட்டுநிலத்துக்கு வந்ததும் காடு குட்டையாகி, தரை வெள்ளை மணலாகி, வானம் திறந்துகொள்ளும். பிறகு திடீரென்று பாறை விளிம்பு; கீழே ஒரு சின்ன வளைகுடாவும், அலை அடியை அரித்து அரித்துத் தனியாக நிற்கவிட்ட மணற்பாறைத் தூண்களும். அங்கிருந்து இறங்கினால் கடற்கரை. திரும்பி நடக்க முடியாதவர்கள் கிளம்பும் முன்பே அலுவலகத் துறையில் ஒரு படகுக்காரரிடம் பேசி, அந்தக் கடற்கரைக்கு வந்து அழைத்துப்போகச் சொல்லலாம். பாறைத் தூண்களைக் கடலிலிருந்து பார்ப்பதும் அதில் சேர்ந்துவிடும். அலை பெரிதாக இருக்கும் நாளில் படகு அங்கே வராது.

நன்றாக நடக்கிறவர்களுக்கு லிந்தாங் சுற்றுப்பாதை, 5.8 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். எல்லா வகைக் காட்டையும் ஒரே சுற்றில் காட்டிவிடும். நடுவில் மேட்டுநிலத்தில் நிழலே கிடையாது, பத்து மணிக்குள் அதைக் கடந்துவிட வேண்டும். தெலுக் லிமாவ், தெலுக் குருயின் ஆகியவை முழுநாள் பாதைகள்; முதல்முறை வருகிறவர்களுக்கு வேண்டாம்.

மேட்டுநிலத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் குனிந்து தரையைப் பாருங்கள். அந்த மணலில் சத்து கிடையாது. அங்கே வளரும் செடிகள் சாப்பாட்டை வேறு வழியில் தேடிக்கொள்கின்றன. பூச்சியைக் குடுவையில் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள்தான் அவற்றில் முக்கியம். விரல் நீளத்துக்கு மெலிதாகத் தொங்குவது நெபெந்தஸ் கிராசிலிஸ். மூடியின் அடிப்பக்கம் எறும்பு தேன் நக்கிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு மழைத்துளி விழுந்தால் போதும், மூடி சட்டென்று அதிர்ந்து எறும்பைக் குடுவைக்குள் தட்டிவிடும். தரையோடு தரையாக, குண்டுச் சட்டிகள்போல் கூட்டமாக உட்கார்ந்திருப்பது அம்புல்லாரியா. அது மூடியைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு மேலேயிருந்து விழும் சருகைப் பிடித்துக்கொள்கிறது. வாயைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் ஆல்போமார்ஜினாட்டா, அது கறையான் வேட்டைக்காரன். இலங்கையின் ஈரவலயக் காடுகளில் குடுவைச் செடி பார்த்தவர்களுக்கு இதன் உறவு புரியும். பக்கத்து மரக்கிளையில் முள்ளோடு உப்பிய கிழங்கு ஒன்று ஒட்டியிருந்தால் அது எறும்புச் செடி. உள்ளே அறை அறையாக இருக்கும். எறும்புகள் குடியிருந்து தங்கள் கழிவால் செடிக்கு உரம் போடுகின்றன. குடுவைக்குள் விரலை விடாதீர்கள், பறிக்காதீர்கள். பாதை பலகையை விட்டு இறங்கினாலே சின்னச் செடிகள் மிதிபட்டுவிடும்.

ஏழாம் படி: மூக்கன் குரங்கைப் பார்ப்பது எப்படி

உலகத்தில் போர்னியோவில் மட்டும் இருக்கும் குரங்கு இது, அழியும் ஆபத்தில் உள்ள இனம். கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் தேடும் விதம்தான். கண்ணால் தேடாதீர்கள், முதலில் காதால் தேடுங்கள். காற்றில்லாத மாலையில் இலைகள் படபடவென்று அடித்துக்கொண்டால் அங்கே ஏதோ ஒன்று தாவியிருக்கிறது. அதோடு மூக்கால் இழுத்து விடும் ஒரு 'ஹாங்க்' சத்தம் கேட்டால் அது ஆண் மூக்கன். அப்படியே நின்றுவிடுங்கள். பேச்சை நிறுத்துங்கள். பத்து நிமிடம் அசையாமல் நின்றால் அவை உங்களை மறந்துவிடும்.

தூரத்திலிருந்து முதலில் தெரிவது வெள்ளை வால். செம்பழுப்பு முதுகு, சாம்பல் நிறக் கால்கள். ஆண் சுமார் இருபது கிலோ இருக்கும், மூக்கு வாய்க்கு மேல் தொங்கும், இலையைத் தின்னும்போது அது இடைஞ்சலாக ஆடுவதைப் பார்க்கலாம். பெண்ணின் எடை அதில் பாதிதான், மூக்கு சின்னதாக மேல்நோக்கி இருக்கும். தண்ணீர் வற்றிய மாலையில் தெலுக் அசாம் அலையாத்தி விளிம்பில் நின்றால் கீழே சேற்றில் மூச்சுவேர்களுக்கு நடுவே ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் அதை ஆட்டிக்கொண்டிருக்கும், துள்ளும் மீன்கள் சேற்றில் தவழும். மேலே பெண் குரங்கு ஒன்று குட்டியை வயிற்றோடு அணைத்தபடி கிளை நுனிவரை வந்து, ஒரு கணம் நின்று, இடைவெளியை அளந்துவிட்டுப் பாயும். போய் விழும் மரம் முழுவதும் குலுங்கும்.

அவற்றுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. இலையையும் காயையும் விதையையும் நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்துச் செரிக்கும் பல அறை வயிறு அவற்றுக்கு. வாழைப்பழம் மாதிரி இனிப்பான பழம் அந்த வயிற்றில் வேகமாகப் புளித்து வாயு உப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். அன்பாகக் கொடுத்தேன் என்று சொல்வதில் பயனில்லை.

எட்டாம் படி: இரவும் சாப்பாடும்

கேன்டீனில் சோறு, காய், முட்டை, கோழி, மீ (நூடுல்ஸ்) என்று எளிய சாப்பாடு கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள்: காய்ப் பொரியலிலும் இறால் விழுது இருக்கலாம். "தாக் மாவ் பெலாச்சான்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கண்டிப்பான சைவர்கள் அவல், கடலை, ஊறுகாய், சப்பாத்தி என்று டப்பாவில் கொண்டுபோவது நிம்மதி. கேன்டீன் மூடும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வேறு கடை கிடையாது.

இரவு எட்டு மணி வாக்கில் பூங்கா ஊழியர் அழைத்துப் போகும் இரவு நடை உண்டு. அலுவலகத்தில் பகலிலேயே பெயர் கொடுக்க வேண்டும். கிளையில் உருண்டையாகத் தூங்கும் மீன்கொத்தி, குச்சிப் பூச்சி, சிலந்திகள், அதிர்ஷ்டம் இருந்தால் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கொலுகோ என்ற விலங்கு. ஒரு கட்டத்தில் எல்லோரையும் டார்ச்சை அணைக்கச் சொல்வார். கண் பழகியதும் தரையில் கிடக்கும் மக்கிய கட்டையில் ஒளிரும் காளான் மங்கலாகத் தெரிந்தால் அதுவும் உங்கள் அதிர்ஷ்டம்தான். ஒருநாள் சுற்றுலாவில் இதெல்லாம் கிடையாது.

கடலில் குளிக்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சரவாக்கின் ஆறுகளிலும் முகத்துவாரங்களிலும் உவர்நீர் முதலை இருக்கிறது, பாக்கோ ஆற்றிலும்தான். கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். சில பருவங்களில் கொட்டும் ஜெல்லி மீன்களும் வரும். பலகை இருக்கும் இடத்தில் இறங்க வேண்டாம், குழந்தைகளை ஓரத்தில்கூட விளையாட விடாதீர்கள். தெலுக் அசாமும் அலையாத்திக் கரைகளும் குளிப்பதற்கான இடமே அல்ல. மற்ற கடற்கரைகளில் இன்றைக்கு என்ன நிலை என்று ஊழியரிடம் கேட்டு அவர் சொன்னபடி நடங்கள். நீச்சலுக்காகவே வருகிறீர்கள் என்றால் வேறு ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இங்கே கடல் பார்ப்பதற்கு.

குழந்தைகள், வயதானவர்கள்

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தெலுக் பாக்கு நடந்துவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எந்தப் பாதையும் சுலபமில்லை. அலுவலகத்தைச் சுற்றிய பலகை நடைபாதையும், படகில் பாறைத் தூண்களைப் பார்த்து வருவதும் அவர்களுக்குப் போதும். அவர்களுக்காக மட்டுமாவது ஏற்ற நேரத்தில் இறங்கி ஏற்ற நேரத்தில் திரும்பும்படி திட்டமிடுங்கள்.

கடைசிப் படி: திரும்புவது

படகுக்காரர் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பே துறையில் இருங்கள். பதிவேட்டில் வெளியேறும் கையெழுத்து, அறைச் சாவி, குப்பை: மூன்றையும் சரிபாருங்கள். குப்பையை உங்களோடு கூச்சிங்குக்கே எடுத்து வந்துவிடுங்கள், அங்கே போடும் எதையும் இரவில் குரங்கோ பன்றியோ கிளறிவிடும். அன்றைக்கே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். மதியம் கடல் கொந்தளித்தால் படகு தாமதமாகும், அதை யாரும் வேகப்படுத்த முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று. சரவாக்கில் நீள்வால் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி வகை மலேரியா இருக்கிறது. மாலை நேரத்தில் காட்டோரம் நிற்கிறவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். போனதும் முதலில் "போர்னியோ காட்டுக்குப் போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். இரத்தத்தில் மலேரியாவைத் தேடிப் பார்க்க அவருக்கு அந்த ஒரு தகவல் வேண்டும்.